ஆட்சி மாற்றமும் பங்குச் சந்தையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதம் நமது காரியதரிசி நம் இல்லத்திற்கு எழுந்தருளி, இலக்கியம் பேச அறிஞர் பலர் உளர், தாங்கள் பங்குச் சந்தையைப் பற்றிப் பேசவேண்டும் என்று பணித்தார். நாம் பொருளாதார நிபுணர் அல்லோம். கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் கணக்கெழுதி ஓய்வு பெற்றோம். மதிய உணவு வேளையில் தலால் தெருவின் வழியே நடந்திருக்கிறோம். நமது தகுதி அவ்வளவே. ஆயினும், "டில்லியில் ஆட்சி அசைந்தால் மாதுங்காவில் உள்ள நமது சேமிப்பு ஏன் கரைகிறது?" என்று இக்காலனியில் பல வீட்டுத் திண்ணைகளில் கேட்கப்படும் கேள்விக்கு நமக்குத் தெரிந்த அளவில் விடை கூற முயலுவோம்.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் முதல் வாரத்தை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். மும்பைச் சந்தையின் முப்பது பெரிய கம்பெனிகளின் விலைப் போக்கைக் காட்டும் சென்ஸெக்ஸ் என்னும் குறியீட்டெண், 3-ஆம் தேதி சுமார் 2,500 புள்ளிகள் ஏறிற்று. மறுநாள் வாக்குகள் எண்ணப்பட்டபோது சுமார் 4,390 புள்ளிகள் வீழ்ந்தது. அதற்கு மறுநாள் மீண்டும் 2,300 புள்ளிகள் ஏறிற்று. இம்மூன்று நாட்களுக்குள் நாட்டில் ஒரு தொழிற்சாலையேனும் எரிந்ததா? ஓர் ஆறேனும் வற்றியதா? ஆளுங்கூட்டணியே மீண்டும் பதவியேற்றது. கணிப்புகள் பெரும் வெற்றி என்று கூறியிருந்தன. கிடைத்ததோ கூட்டணியின் துணையோடு கூடிய பெரும்பான்மை. கல்யாண வீட்டில் ஆயிரம் இலைக்கு உலை வைத்துவிட்டு எழுநூறு பேர் வந்தால், வந்தவர்களைக் குறை கூறிப் பயன் என்ன? முதல்நாள் விலையில் ஆயிரம் இலைக்கும் கணக்குப் போட்டிருந்தார்கள். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியே அன்று சரிந்தது.

இதை நாம் நன்கு உணர்ந்தது இருபது ஆண்டுகளுக்கு முன்பு. 2004-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் தேதி தேர்தல் முடிவுகள் வந்தன. வாஜ்பாய் அவர்களின் அரசு தோற்கும் என்று தலால் தெருவில் எண்ணியவர் மிகச் சிலர். இடதுசாரிக் கட்சிகளின் ஆதரவோடு அமையப்போகும் அரசு, பொதுத்துறைப் பங்குகளை விற்கும் கொள்கையைக் கைவிட்டுவிடும் என்ற பேச்சு எழுந்தது. 17-ஆம் தேதி, திங்கட்கிழமை, பேரம் இருமுறை நிறுத்தப்பட்டது. ஒரு கட்டத்தில் 840 புள்ளிகளுக்கு மேல் வீழ்ந்த குறியீட்டெண், மாலையில் 564 புள்ளிகள் இழந்து 4,505-இல் நின்றது.

அன்று நமது அடுத்த கட்டடத்தில் வசித்த ஒரு பெரியவர், பணி ஓய்வின்போது வந்த வைப்பு நிதியில் ஒரு பகுதியைப் பங்குகளில் இட்டிருந்தார். நண்பகலில் நம்மிடம் வந்து, "சார், என்ன செய்யலாம்?" என்று கேட்டார். நமக்கும் நடுக்கம், விற்றுவிடுவதே நலம் என்றோம். அவர் விற்றார். ஐந்து நாட்களில் மன்மோகன் சிங் அவர்கள் பிரதமரானார். 2008 ஜனவரியில் அதே குறியீட்டெண் 21,000-ஐத் தொட்டது. பெரியவர் நம்மை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. ஆனால் அதன்பின் காலையில் நாளிதழ் வந்ததும் வாணிபப் பக்கத்தை மட்டும் பிரிக்காமல் எடுத்து நம்மிடம் நீட்டிவிடுவார். அந்த மடிப்புக் கலையாத தாளை வாங்கும்போதெல்லாம் நமக்கு ஏற்பட்ட கூச்சத்தை இன்று இச்சபையின் முன் ஒப்புக்கொள்கிறோம். (2008-இன் பிற்பகுதியில் சந்தை பாதிக்கு மேல் சரிந்ததும் உண்மையே, அது அமெரிக்க வங்கிகள் இட்ட தீ, டில்லியில் ஆட்சி மாறவில்லை.)

வலிமையான அரசு வந்தால் விலை ஏறும், வலிவற்ற கூட்டணி வந்தால் இறங்கும் என்பது நம்மவரிடையே வேரூன்றிய நம்பிக்கை. சரித்திரம் அதற்குச் சாட்சி கூறவில்லை. 1971-இல் இந்திரா காந்தி அம்மையார் பெற்றது மாபெரும் வெற்றி. அவ்வரசுதான் 1974 ஜூலையில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம், கம்பெனிகள் பங்குதாரருக்கு வழங்கும் டிவிடெண்டுக்கு, முகமதிப்பில் 12 சதவிகிதம் அல்லது இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வரம்பு கட்டியது. விலைவாசியை அடக்குவது நோக்கம். ஒரு மாமரத்தின் விலை அது தரும் காய்களைப் பொறுத்தது. எத்தனை காய்த்தாலும் ஒரு கூடைக்கு மேல் வீட்டிற்குக் கொண்டுபோகலாகாது என்றால் மரத்தை யார் வாங்குவார்? விலைகள் செங்குத்தாகச் சரிந்தன.

மாறாக, 1991-இல் நரசிம்ம ராவ் அவர்கள் பதவியேற்றபோது பாராளுமன்றத்தில் அவருக்குப் பெரும்பான்மையே இல்லை. அந்தச் சிறுபான்மை அரசே 1992-இல் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டை ஒழித்தது. அதுவரை ஒரு கம்பெனி தன் பங்கை என்ன விலைக்கு வெளியிடலாம் என்பதை டில்லியில் ஓர் அதிகாரி நிர்ணயித்து வந்தார். சென்ஸெக்ஸ் முதன்முறையாக 4,000-ஐத் தாண்டியதும் அவ்வாண்டே; வங்கிப் பணம் முறைகேடாகச் சந்தையில் புகுந்த ஹர்ஷத் மேத்தா விவகாரம் வெடித்துச் சரிந்ததும் அவ்வாண்டே. ஆகவே அந்த ஏற்றம் முழுவதையும் சீர்திருத்தத்தின் கணக்கில் எழுதுதல் நேர்மையாகாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1973-ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணிச் சட்டம் சந்தைக்குப் பகை என்று கருதப்பட்டது. ஆனால் அச்சட்டத்தின் நெருக்குதலால், பற்பசையும் சோப்பும் விற்ற வெளிநாட்டுக் கம்பெனிகள் தம் பங்குகளை நம் நாட்டுப் பொதுமக்களுக்கு விற்றன; அதிகாரி நிர்ணயித்ததால் விலையும் குறைவு. நம் காலனியின் பழைய பீரோக்களில் உறங்கிய ஷேர் பத்திரங்கள் பலவும் அக்காலத்தவை.

அரசே வாங்குபவராக வந்தால்? 1957-இல், ஓராண்டுகூட நிறைவுறாத ஆயுள் காப்பீட்டுக் கழகம், முந்த்ரா என்ற வணிகரின் ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. பெரோஸ் காந்தி பாராளுமன்றத்தில் கேள்வி எழுப்ப, நீதிபதி சாக்ளா விசாரிக்க, நம் தமிழகத்தவரான நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அவரே மீண்டும் நிதியமைச்சராகி 1964-இல் யூனிட் டிரஸ்டைத் தோற்றுவித்தார். சர்க்காரின் யூனிட் என்று நம்பிப் பணமிட்ட குடும்பங்கள், 2001 ஜூலையில் அத்திட்டத்தின் வாங்கல் விற்றல் நிறுத்தப்பட்டபோது பட்ட பாட்டை இச்சபையில் பலர் அறிவீர்கள்.

அந்தப் பெரியவர் இன்று இல்லை. 2024 ஜூன் 4-ஆம் தேதி நண்பகலில் அவருடைய புதல்வி நம்மைத் தொலைபேசியில் அழைத்து, தந்தை கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். அவ்வாண்டு அப்பணத்திற்குத் தேவை ஏதும் உண்டா அம்மா என்று கேட்டோம். இல்லை மாமா என்றாள். அப்படியானால் வாக்கு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிரு, சந்தையைப் பார்க்காதே என்றோம். அவள் விற்கவில்லை. வெள்ளிக்கிழமை, 7-ஆம் தேதி மாலையில், குறியீட்டெண் திங்கட்கிழமையின் அளவையும் கடந்து 76,693-இல் நின்றது.