அரை ஸ்டட் தள்ளி உக்காரு: அப்பாவோட ஆட்டோவை லெகோல கட்டின கதை

போன எபிசோட்ல டேட்டாபேஸ் இண்டெக்ஸ் பத்திப் பேசி நிறைய பேரைத் தூங்க வெச்சுட்டேன்னு கேள்விப்பட்டேன். அதனால இந்த வாரம் ஆபீஸ் வேலை பத்தி ஒரு வார்த்தை கிடையாது. பொம்மை பத்திப் பேசப் போறோம். லெகோ. பெட்டில வர்ற மாதிரி, புக்கைப் பாத்துக் கட்டறது இல்ல. நாமளே யோசிச்சு, நாமளே டிசைன் பண்ணி, நாமளே சொதப்பி, திரும்பக் கட்டறது.

எங்க அப்பா 24 வருஷம் ஆட்டோ ஓட்டினவர். வியாசர்பாடி ஸ்டாண்ட். ரெண்டு வருஷம் முன்னாடி முதுகு சுத்தமா போச்சு, இனிமே ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வண்டியை வித்துட்டோம். வித்த அன்னிக்கு நான் ஒரு மீட்டிங்ல இருந்தேன். அப்புறம் போன்ல தேடிப் பாத்தா, அந்த வண்டியோட உருப்படியான ஒரு போட்டோ கூட எங்கிட்ட இல்ல. எட்டாவது படிக்கும்போது யூனிஃபார்ம்ல நான் நிக்கற ஒரு போட்டோ இருக்கு. அதுல பின்னாடி பாதி ஆட்டோ தெரியுது, மீதிப் பாதியை நான் மறைச்சுக்கிட்டு நிக்கறேன். அதான் ஆரம்பம். சரி, கட்டிக் குடுத்துடலாம்னு நெனச்சேன். ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும்னு ஒரு எஸ்டிமேட். நம்ம எஸ்டிமேட் எல்லாம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். ஏழு மாசம் ஆச்சு.

முதல் பிரச்சினை, எந்த அளவுல கட்டறதுன்னு. ஆட்டோவை சும்மா ஒரு சிற்பம் மாதிரி கட்டினா பிரச்சினையே இல்ல. ஆனா உள்ள ஒரு ஆள் உக்காரணும். மினிஃபிகர், அதாவது லெகோல வர்ற அந்தக் குட்டி மனுஷன். 1978ல வந்தது, இன்னிக்கு வரைக்கும் உடம்பு அளவு மாறல. கூத்து என்னன்னா, அந்த உடம்பு மனுஷ உடம்பே கிடையாது. உயரம் சுமார் 4 சென்டிமீட்டர். 170 சென்டிமீட்டர் ஆளோட ஒப்பிட்டா 42ல ஒரு பங்கு. ஆனா கையோட சேத்து அகலத்தை அளந்தா கிட்டத்தட்ட 18ல ஒரு பங்கு வருது. அதாவது ஒரே ஆளுக்கு ரெண்டு ஸ்கேல். மேல பாத்தா பொம்மை, குறுக்க பாத்தா பீரோ.

நிஜ ஆட்டோ சுமார் 2.6 மீட்டர் நீளம், 1.3 மீட்டர் அகலம், 1.7 மீட்டர் உயரம். உயரக் கணக்குப்படி 42ல ஒரு பங்குன்னு போட்டா அகலம் 31 மில்லிமீட்டர். லெகோல மேல இருக்கற அந்தப் புடைப்புக்குப் பேரு ஸ்டட். ஒரு ஸ்டட்டுக்கும் அடுத்த ஸ்டட்டுக்கும் 8 மில்லிமீட்டர். அப்போ நாலு ஸ்டட் அகல ஆட்டோ. அழகா இருக்கும், கச்சிதமா இருக்கும். ஆனா பின் சீட்ல ஒருத்தன்தான் உக்கார முடியும். ஒரே ஒருத்தர் உக்கார்ற ஆட்டோவை சென்னைல யாரு பாத்திருக்கா?

இந்தத் தலைவலி லெகோ கம்பெனிக்கே இருந்திருக்கு. ஸ்பீட் சாம்பியன்ஸ்னு ரேஸ் கார் சீரிஸ் ஒண்ணு வருமே, அது முதல்ல ஆறு ஸ்டட் அகலம். நடுவுல ஒரே ஒரு டிரைவர். 2020ல எட்டு ஸ்டட்டா மாத்தினாங்க, அப்போதான் ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்கார முடிஞ்சது. அப்போ நானும் எட்டுக்குப் போகணுமா? எட்டுக்குப் போனா அது ஆட்டோ இல்ல, மினி லாரி.

இதுல ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டு, ஒரு நாள் ஆபீஸ் போற வழில ஆட்டோல உக்காந்திருக்கும்போதுதான் பொறி தட்டுச்சு. ஆட்டோவுக்குக் கதவே இல்லையே! காருக்கு ரெண்டு பக்கமும் சுவர் வேணும், அதுவே அகலத்துல ரெண்டு ஸ்டட்டைச் சாப்பிட்டுடும். ஆட்டோல பக்கம் திறந்துதானே கிடக்கு. ஆறு ஸ்டட் அகலம் போட்டா ஆறும் சீட்டுக்குத்தான். ரெண்டு பேர் உக்காரலாம், நடுவுல கொஞ்சம் இடைவெளி, வெளிப்பக்கக் கை லேசா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். நிஜத்துலயும் அப்படித்தானே உக்காருவோம்? ஆறு ஸ்டட்னா 48 மில்லிமீட்டர், அதாவது 27ல ஒரு பங்கு. நீளம் பன்னெண்டு ஸ்டட். டயர் கணக்கு போட்டா 15 மில்லிமீட்டர் வந்தது, எங்கிட்ட 14 மில்லிமீட்டர் டயர் இருந்தது. ஒரு மில்லிமீட்டரை மன்னிச்சு விட்டுட்டேன்.

டிசைன் எல்லாம் முதல்ல கம்ப்யூட்டர்லதான். நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கற ஒரு கிளைக்கதை சொல்றேன். 1995ல ஜேம்ஸ் ஜெசிமன்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர், எல்ட்ரான்னு ஒரு புரோகிராம் எழுதினாரு. லெகோ கட்டையை கம்ப்யூட்டர்ல அடுக்கறதுக்கு. 1997லயே இறந்துட்டாரு. ஆனா அவர் போட்ட ஃபைல் ஃபார்மட்டை வெச்சுக்கிட்டு ரசிகர்களே இன்னிக்கு வரைக்கும் பார்ட்ஸ் லைப்ரரியை வளத்துட்டு வர்றாங்க. நாம எழுதற கோடு அடுத்த ரிலீஸ் வரைக்கும் தாங்கினாலே பெரிய விஷயம். அவர் வெச்ச யூனிட்ல ஒரு ஸ்டட் இடைவெளி 20, ஒரு பிரிக் உயரம் 24, மெல்லிசா இருக்கற பிளேட் உயரம் 8. அஞ்சு பிளேட்டை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா 40. ரெண்டு ஸ்டட் அகலமும் 40. இந்த ஒரு சமன்பாடுதான் கஸ்டம் டிசைனோட உயிர். பிளேட் அடுக்கைப் பக்கவாட்டுல படுக்க வெச்சாலும் கணக்கு இடிக்காம உக்காரும். ஆட்டோ மூஞ்சில ஹெட்லைட் முன்னாடி பாத்துக்கிட்டு இருக்கணுமே, ஸ்டட்டோ மேல பாத்துக்கிட்டு இருக்கு. இந்தக் கணக்கு தெரிஞ்சா மூஞ்சியையே தனியா, படுக்கப் போட்டுக் கட்டி, நிமித்தி மாட்டிடலாம்.

முன் சக்கரம் இன்னொரு கதை. ஆட்டோவுக்கு முன்னாடி ஒரே சக்கரம், நட்ட நடுவுல. ஆறு ஸ்டட்டுக்கு நடுவு எது? மூணாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில இருக்கற வெறும் கோடு. அங்க ஸ்டட்டே கிடையாது. இதுக்குத்தான் ஜம்பர் பிளேட்னு ஒரு பார்ட் இருக்கு. ரெண்டு ஸ்டட் இடத்தை அடைச்சுக்கிட்டு, நடுவுல ஒரே ஒரு ஸ்டட் மட்டும் வெச்சிருக்கும். அதாவது அரை ஸ்டட், 4 மில்லிமீட்டர், தள்ளி வைக்க முடியும். அதை வெச்சு சக்கரத்தை நடுவுக்குக் கொண்டு வந்தேன். இடது வலது ரெண்டு பக்கமும் கண்ணாடில பாத்த மாதிரி ஒண்ணா இருந்தது. ஸ்க்ரீன்ல சுத்திச் சுத்திப் பாத்து ரசிச்சேன்.

நிஜ பார்ட்ஸ் வந்து சேர்றதுக்கு ஆறு வாரம். செலவைக் கேக்காதீங்க, எங்க அம்மா இதைக் கேப்பாங்க. வந்த அன்னிக்கு ராத்திரியே கட்டி முடிச்சு, காலைல டீ குடிச்சிட்டு இருந்த அப்பா முன்னாடி வெச்சேன்.

எடுத்துப் பாத்தாரு. திருப்பிப் பாத்தாரு. முதல் கேள்வி: "ஏன்டா, எனக்கு என்ன மஞ்சக்காமாலையா?"

மினிஃபிகர் மூஞ்சி மஞ்சள்தானே. லெகோல அது யார் நிறமும் இல்ல, அதனால எல்லார் நிறமும்னு ஒரு நியாயம் சொல்லுவாங்க. மஞ்சள் ஆட்டோக்குள்ள வெச்சா தலையே தெரியல. நிஜ ஆட்களோட சாயல்ல தோல் நிறம் போட ஆரம்பிச்சதே 2003லதான். இன்னிக்கு பிரவுன்லயே நாலஞ்சு ஷேடு கிடைக்குது. ரெண்டாவது கேள்வி: "நான் எப்போடா இப்படி இளிச்சிருக்கேன்?" அதுவும் நியாயம்தான். முதல் பதினோரு வருஷம் எல்லா மினிஃபிகருக்கும் ரெண்டு புள்ளிக் கண்ணு, ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். 1989ல கடற்கொள்ளைக்காரங்க சீரிஸ் வந்தப்போதான் மீசை, தாடி, முறைப்பு எல்லாம் வந்தது. மீசை வெச்ச, சிரிக்காத, பிரவுன் தலை ஒண்ணு தேடிப் பிடிச்சேன். காக்கிச் சட்டைக்கு டார்க் டான் கலர்ல பிரிண்ட் இல்லாத உடம்பு. பாக்கெட்டும் பட்டனும் மட்டும் டீக்கால் பேப்பர்ல பிரிண்ட் பண்ணி, தண்ணில ஊற வெச்சு, ட்வீசர்ல ஒட்டினேன். மூணு உடம்பு வீணாச்சு. மார்க்கர் பேனால வரையலாமேன்னு யோசிக்காதீங்க, ஒரு வாரத்துல விரல் பட்டுப் பட்டு அழிஞ்சிடும்.

"மீட்டர் எங்க?"ன்னாரு அடுத்து. "நீ போட்டதே இல்லையே பா"ன்னு சொல்லிட்டேன். முறைச்சாரு. 2013ல கவர்மென்ட் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய்னு புது ரேட் போட்டப்போ, ஸ்டாண்ட்ல மீட்டரை முதல்ல மாத்தினது இவருதானாம். எனக்குத் தெரியாது. ஒரு ஸ்டட் அளவுல ஒரு டைல்ல மீட்டர் வெச்சாச்சு.

நடுவுல ஒரு விபத்தும் நடந்தது. கூரையைத் தாங்கற கம்பிக்கு நான் ஒரு குறுக்கு வழி பண்ணியிருந்தேன். ரெண்டு ஸ்டட்டுக்கு நடுவுல இருக்கற இடைவெளி 3.2 மில்லிமீட்டர். பிளேட்டோட தடிமனும் 3.2. அப்போ பிளேட்டை நிமித்தி அந்தச் சந்துல சொருகினா நிக்கும்தானே? நிக்கும். ஆனா அது இறுக்கம், பிடிப்பு இல்ல. லெகோ டிசைனர் ஜேமி பெரார்ட் 2006லயே ரசிகர்களுக்கு ஒரு பிரசன்டேஷன் போட்டு, இந்த மாதிரி பார்ட்டை வதைக்கற வேலையெல்லாம் பண்ணாதீங்கன்னு விளக்கியிருக்காரு. நான் படிச்சிருந்தேன். படிச்சிட்டும் பண்ணினேன். மே மாசம் ஒரு மத்தியானம், மூடின ரூம், டப்புன்னு சத்தம். கூரை தரைல கிடக்கு, ஒரு பிளேட்டு விரிசல். ஸ்க்ரீன்ல பார்ட்டு பார்ட்டோட மோதலைன்னுதான் பாத்தேன், எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு பாக்கல. கிளிப்பும் பாரும் வெச்சு கூரையை முழுசா திரும்பக் கட்டினேன்.

கட்டி முடிச்சுக் காட்டினா, அப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "எல்லாம் இருக்கு. ஆனா ஓட்டறது நான் இல்ல"ன்னாரு.

எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. ஏன்பான்னு கேட்டேன். "நான் எங்கடா நடுவுல உக்காந்தேன்? காலைல ஸ்கூல் ட்ரிப்பு. இந்தப் பக்கம் ஒரு புள்ள உக்காரும்ல. நான் தள்ளித்தான் உக்காருவேன். அப்படியே பழகிப் போச்சு, வண்டி காலியா இருந்தாலும் அப்படித்தான்." அவர் முதுகு போனதுக்கும் அந்த உக்கார்ற விதத்துக்கும் சம்பந்தம் இருக்குமோ என்னமோ, நான் கேக்கல. அந்த இடது பக்கத்துல ஆறு வருஷம் உக்காந்து ஸ்கூலுக்குப் போன புள்ளைகள்ல நானும் ஒருத்தன். எனக்கு அது ஞாபகமே வரல. நான் சிமெட்ரி பாத்துக்கிட்டு இருந்தேன்.

டிரைவர் சீட்ல ஒரு ஜம்பர் பிளேட் போட்டேன். அரை ஸ்டட் வலது பக்கம். இப்போ ஒரு எதிர்பாராத விஷயம் நடந்தது. மினிஃபிகர் சாதாரணமா ரெண்டு ஸ்டட்ல, ரெண்டு காலையும் மாட்டிக்கிட்டு உக்காரும், அசையாது. ஜம்பர்ல ஒரே ஸ்டட், அதனால ஒரு கால் மட்டும்தான் மாட்டும். ஒரு கால்ல மாட்டினா உடம்பு திரும்பும். ஹேண்டில்பாரோ நடுவுலயே இருக்கு, மினிஃபிகருக்கு முழங்கை கிடையாது. கை எட்டணும்னா உடம்பைக் கொஞ்சம் இடது பக்கமா திருப்பித்தான் உக்கார வைக்கணும். திருப்பினேன். லேசா ஒருக்களிச்சு, ஒரு தோளை முன்னாடி விட்டு. அப்படியே அவர்தான்.

காட்டினேன். "ம்"னாரு. இது அவர் அகராதில பெரிய வார்த்தை.

பின்னாடி "பிரசவத்திற்கு இலவசம்"னு எழுதியிருக்கணும்னு மட்டும் கறாரா சொல்லிட்டாரு. ஆறு ஸ்டட் நீள டைல், 48க்கு 8 மில்லிமீட்டர், அதுல டீக்கால். எல்லா ஆட்டோலயும் சும்மா எழுதியிருக்கறதுதானேன்னு கேட்டேன். மூணு தடவை போயிருக்காராம். ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூட போக முடியலையாம். அந்தக் கதையை அவரையே இங்க உக்கார வெச்சு ஒரு நாள் கேப்போம், ஒத்துக்கிட்டா.

வண்டி இப்போ டிவி ஸ்டாண்ட்ல இருக்கு. மொத்தம் 214 பீஸ். பக்கக் கண்ணாடி இன்னும் சரியில்லையாம், உள்பக்கமா இருக்கணுமாம், பின் சீட்டு தெரியற மாதிரி. அதுக்கு ஒரு கிளிப் வரணும், ஆர்டர் போட்டிருக்கேன். வந்ததும் சொல்றேன். அடுத்த வாரம் பாப்போம், மக்களே.