கருவிலிருக்கும் குழந்தைக்கு நீர் கோத்தல்

(புதுவயலில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



புதுவயலில் கூட்டம் என்றால் நெல், அரிசி ஆலை, கண்மாய் மராமத்து என்றே பேச்சு செல்வது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. தாயின் வயிற்றிலிருக்கும் சிசுவின் உடலில் அளவு மீறி நீர் சேர்ந்துவிடும் நிலையைக் குறித்துச் சில செய்திகளைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறோம். வைத்தியர் பேசவேண்டியதை வளர்ச்சி அதிகாரி பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். இந்நோயில் ஒரு பகுதியைத் தடுக்கும் வேலை வீட்டிலும் ஊரிலும் தொடங்குகிறது. ஆஸ்பத்திரி பிறகுதான் வருகிறது. ஆதலால் பேசத் துணிந்தோம்.

வைத்தியர்கள் இதனை 'ஹைட்ராப்ஸ்' என்பர். சிசுவின் தோலுக்கடியில், வயிற்றுக்குள், நுரையீரலைச் சுற்றி, இருதயத்தைச் சுற்றி என்னும் நான்கு இடங்களுள் இரண்டிலேனும் நீர் கட்டியிருந்தால் அந்தப் பெயர் பொருந்தும். இது தனியொரு நோயன்று. உள்ளே மறைந்திருக்கும் வேறொரு நோயின் அடையாளம். வயலில் நீர் வடியாமல் நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வடிகால் அடைபட்டதா, வரப்பில் கசிவா, மேல்மடை திறந்து கிடக்கிறதா என்று பார்ப்பீர்கள். அவ்வாறே சிசுவின் இருதயம் தளர்ந்தால் நீர் பின்வாங்கித் தேங்கும். நிணநீர்க் குழாய் அடைபட்டால் வடியாது. ரத்தத்திலுள்ள புரதம் குறைந்தால் குழாய்களிலிருந்து நீர் கசியும். சோகை மிகுந்தாலோ, இருதயம் ஓயாது உழைத்து இளைத்துப்போகும்.

இச்சோகையின் பழம்பெருங்காரணம் தாய்க்கும் சேய்க்கும் உள்ள ரத்தப் பொருத்தமின்மை. முதற்குழந்தை நலமாய்ப் பிறக்க, அடுத்தடுத்தவை உடல் வீங்கி மாண்ட குடும்பங்கள் முன்னாளில் இருந்தன. சாபம் என்றும் பெண்ணின் ராசி என்றும் பழி சுமத்தியவர்கள் உண்டு. 1940-ல் லாண்ட்ஸ்டைனர், வீனர் என்னும் இரு விஞ்ஞானிகள் ஆர்.எச். என்னும் ரத்தக் கூற்றை வெளியிட்டனர். அந்தப் புதிர் அதனால் விடுபட்டது. நம் நாட்டில் நூறு பேரில் ஏறக்குறைய ஐவர் ஆர்.எச். நெகட்டிவ். அப்படிப்பட்ட தாயின் வயிற்றில் பாசிட்டிவ் குழந்தை வளர்ந்தால், பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் சிறிது தாயின் ரத்தத்தில் கலக்கிறது. தாயின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பொருளை ஆக்கி வைத்துக்கொள்ளுகிறது. முதற்குழந்தை தப்பிவிடும். அடுத்த பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்பொருள் அழிக்கிறது. இதில் தாயின் குற்றம் யாதுமில்லை. கணவரும் நெகட்டிவ் ஆனால் இக்கவலைக்கே இடமில்லை.

இதற்குத் தடுப்பு உண்டு. 1968 முதல் 'ஆன்டி-டி' ஊசி வழக்கத்தில் வந்தது. கர்ப்பத்தின் 28-ஆம் வாரத்தில் ஒரு முறையும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் எனில் 72 மணி நேரத்துக்குள் மறுமுறையும் போடப்படும். இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்லவேண்டும். கரு கலைந்துபோனாலும், இடையில் உதிரப்போக்கு ஏற்பட்டாலும், வயிற்றில் பலத்த அடி பட்டாலும் ரத்தம் கலக்கக்கூடும். 'கலைந்ததுதானே' என்று வீட்டோடு இருந்துவிட்டால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து. எதிர்ப்பொருள் உண்டான பின்னர் இவ்வூசியால் பயனில்லை.

அம்மருந்து மனித ரத்தத்திலிருந்தே எடுக்கப்படுவது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பார் 1954 முதல் 2018 வரை 1,173 முறை ரத்ததானம் செய்தார். அவருடைய ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் மிகுந்திருந்ததால், அவர் தந்தது இம்மருந்துக்கு உதவிற்று. நம் ஊர் இளைஞர்கள் நினைவில் கொள்ளத்தக்க பெயர்.

ஊசி பரவிய பின்னர் மற்றக் காரணங்களே இன்று பெரும்பான்மை. இருதய அமைப்பில் குறை, இருதயத் துடிப்பில் கோளாறு, குரோமோசோம் கோளாறு, ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டையரிடையே ரத்தம் ஒருபுறம் சாய்தல், கன்னம் சிவக்கும் காய்ச்சலைத் தரும் பார்வோ வைரஸ், சிபிலிஸ் என்னும் மேகநோய் எனப் பல. மேகநோயைப் பெனிசிலின் ஊசி தீர்க்கும். செட்டிநாட்டார் பலர் வாழ்ந்த பர்மா, மலேயா முதலிய கிழக்கு நாடுகளில் ஆல்பா தலசீமியா என்னும் பரம்பரை ரத்தக்குறை முக்கிய காரணம். பரம்பரை என்றவுடன் நம் வழக்கம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மாமன்-மருமகள் மரபணுவில் நான்கில் ஒரு பங்கும், அத்தை மகன்-மாமன் மகள் எட்டில் ஒரு பங்கும் பொதுவாயிருக்கும். மறைந்துள்ள ஒரே குறை இருபுறமும் வந்து சேர இது வழி வகுக்கும். சொந்தத்தில் மணந்தோர் எல்லாருக்கும் இது நேரும் என்பதன்று; ஆனால் சிசு இழப்பு மீண்டும் மீண்டும் ஏற்படும் குடும்பத்தில் வைத்தியரிடம் உறவுமுறையைச் சொல்லாமல் விடக்கூடாது.

கண்டறிவது எவ்வாறு? பதிவு செய்யும்போதே ரத்த வகையைப் பார்க்கவேண்டும். நெகட்டிவ் தாய்க்கு எதிர்ப்பொருள் உள்ளதா என்று கூம்ப்ஸ் பரிசோதனை சொல்லும். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் நீர்க்கட்டும் உறுப்புக் குறையும் புலப்படும். ஸ்கேன் ஆணா பெண்ணா என்று அறிவதற்கன்று. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். சோகையை அறிய டாப்ளர் என்னும் முறை உண்டு. நீர்த்த கஞ்சி கெட்டிக் கஞ்சியைவிட விரைந்தோடுவதுபோல், சோகையுள்ள ரத்தம் மூளைக்குச் செல்லும் குழாயில் வேகமாய் ஓடும். அவ்வேகம் அந்த வாரத்துக்குரிய நடுவளவைப்போல் 1.5 மடங்கைத் தாண்டினால் கடுஞ்சோகை எனக் கொள்வர். சிசுவின் உடலில் ஊசி செலுத்தாமலே தெரிந்துகொள்ளும் இந்த முறை 2000-க்குப் பின் பரவியது. தேவைப்பட்டால் சிசுவின் இருதய ஸ்கேன், பனிக்குட நீர்ச் சோதனை ஆகியவையும் செய்வர்.

வீட்டார் கவனிக்கவேண்டியன சில. மாதத்துக்கு மீறி வயிறு பெருத்தல், குழந்தையின் அசைவு குறைதல், தாய்க்கே திடீர் வீக்கமும் ரத்தக் கொதிப்பும் உண்டாதல். இவற்றுள் எது கண்டாலும் காரைக்குடி அரசு ஆஸ்பத்திரிக்கோ, சிவகங்கை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ தாமதமின்றிச் செல்லவேண்டும்; 108 வண்டி உண்டு.

கண்டுபிடித்த பின் வழியே இல்லை என்று எண்ணவேண்டாம். 1963-ல் நியூசிலாந்தில் லைலி என்னும் வைத்தியர் கருவிலிருந்த சிசுவுக்கே ரத்தம் ஏற்றிக் காட்டினார். இன்று கொப்பூழ்க்கொடி வழியாக அதைச் செய்கிறார்கள். சென்னையில் மெடிஸ்கேன் போன்ற நிலையங்களில் நடைபெறுகிறது. துடிப்பு மிகை எனில் தாய் அருந்தும் மருந்தே சேயைச் சென்றடையும். சில காரணங்களுக்குச் சிகிச்சை இல்லை என்பதும் உண்மை.

அவ்வாறு குழந்தை தவறிவிட்டால், நம் மக்கள் விரைந்து அடக்கம் செய்வதிலேயே கருத்தாயிருப்பர். துக்கத்தில் அது இயல்பே. ஆயினும் பிணச்சோதனைக்கோ, நஞ்சையும் ரத்தத்தையும் பரிசோதிக்கவோ வைத்தியர் கேட்டால் சில மணி நேரம் பொறுத்து இணங்கவேண்டும். அந்த முடிவுத்தாளைத் தாயின் பதிவேட்டோடு பத்திரமாக வைத்திருந்து, அடுத்த கர்ப்பத்தின் முதல் மாதமே கிராம சுகாதார செவிலியரிடம் காட்டவேண்டும்.