இடம் மாறும் கப்பலில் ஒருவழிப் பயணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு ஓய்வூதியத்துடன் அமர்ந்திருக்கும் பெற்றோர் நம் காலனியில் பலர். மகன் ஐரோப்பாவில், மகள் அமெரிக்காவில் என்று இருக்கும் வீடுகளும் உண்டு. இருவரையும் ஒரே சுற்றில் கண்டு வர விமானமன்றி வேறு வழியுண்டோ எனச் சிலர் நம்மிடம் வினவினர். உண்டு, அது பற்றியே இன்று பேச எண்ணினோம்.

ரயில்வேயில் பணி செய்வோர்க்கு இது எளிதில் விளங்கும். ஓரிடத்தில் சரக்கை இறக்கிய வாகன்கள் அடுத்த சரக்கு உள்ள இடத்திற்குக் காலியாகவே ஓடும். செலவு உண்டு, வரவு ஒரு காசும் இல்லை. உல்லாசக் கப்பல்களுக்கும் இந்நிலை உண்டு. கோடையில் மத்தியதரைக் கடலில் உலவும் கப்பல்களில் பல, அங்கே குளிர் தொடங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் பக்கம் செல்கின்றன; ஏப்ரல் வாக்கில் திரும்புகின்றன. அலாஸ்காவில் கோடையைக் கழித்தவற்றுள் சில பனாமாக் கால்வாய் வழியே செல்வதுமுண்டு. கப்பல்காரர் நம்மினும் கெட்டிக்காரர். காலி ஓட்டத்திற்கும் டிக்கெட் விற்றுவிடுகின்றனர்! இறங்கிக் காணும் துறைமுகங்கள் சில, நடுக்கடல் நாட்கள் பல ஆதலால் நாடுவோர் குறைவு. ஆகவே நாள் ஒன்றுக்கு விழும் கட்டணமும் பெரும்பாலும் குறைவு.

ஆயினும் விளம்பரத்தில் காணும் தொகையோடு கணக்கு முடிவதில்லை. அது ஓர் அறையில் இருவர் தங்குவதாகக் கொண்டு ஆள் ஒன்றுக்குச் சொல்லும் தொகை. தனியே செல்பவர் ஏறத்தாழ இருமடங்கு தரவேண்டி வரும். ஊழியர்க்கான அன்பளிப்பென்று நாள்தோறும் ஒரு தொகையும் கணக்கில் ஏறும். அது 16 டாலர் எனக் கொண்டால் இருவர்க்கு 14 இரவுகளில் 448 டாலர் ஆகிறதன்றோ? துணி வெளுப்பு, இண்டர்நெட் ஆகியவை தனி. பயணம் ஒருவழியாதலால் விமான டிக்கெட்டையும் எண்ண வேண்டும். இங்கிருந்து பார்சிலோனாவுக்குப் போவதையும் மயாமியிலிருந்து திரும்புவதையும் ஒரே டிக்கெட்டாக வாங்கினால், தனித்தனி ஒருவழி டிக்கெட்டுகளைவிடப் பெரும்பாலும் மலிவாக அமையும். புறப்படும் துறைமுகத்திற்கு ஒரு நாள் முன்னரே சென்று சேருக. நம் வண்டிகளைப் போலக் கப்பல் அவுட்டரில் காத்து நிற்பதில்லை.

இனி விசா. இவ்விடத்தில் நம் தவறொன்றைச் சொல்லியே ஆகவேண்டும். 2023-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நம் தமையனாரும் அண்ணியாரும் ஜெர்மனியில் மகனுடன் இருந்துவிட்டு, பார்சிலோனாவில் கப்பலேறி ஃபுளோரிடாவிலுள்ள மகளிடம் செல்ல ஏற்பாடு செய்தனர். புறப்படுமுன் அண்ணியார், "தம்பி, பழைய பாஸ்போர்ட்டும் வேண்டுமா?" என்று கேட்டார். "அது காலாவதியானதுதானே, அண்ணி! புதியது போதும்" என்றோம். பத்தாண்டு அமெரிக்க விசா அப்பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்டிருந்ததை எண்ணினோமில்லை. பாஸ்போர்ட் காலாவதியானாலும் அதிலுள்ள விசா செல்லும். ஆனால் இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும். துறைமுகத்தில் அவர்களை ஏற்றவில்லை. பழைய பாஸ்போர்ட்டோ இங்கே இரும்புப் பெட்டியில் கிடந்தது! கப்பற் கட்டணத்தில் ஒரு காசும் திரும்பவில்லை. அவர்கள் மகனிடமே திரும்பினர். தமையனார் நம்மை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அதுவே நம்மை அதிகம் வருத்திற்று.

ஆகவே, இறங்கும் நாட்டின் விசாவை மட்டுமன்றி, இடையில் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்தையும் எழுதிவைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். ஸ்பெயினில் ஏறிய கப்பல் மொராக்கோவின் காசாபிளாங்காவில் நின்று, மீண்டும் ஸ்பெயினுக்குரிய கேனரித் தீவுகளுக்கு வருமாயின், அது ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மறுபடி நுழைவதாகும். ஒருமுறை நுழைவு விசா அதற்குப் போதாது.

2024 நவம்பரில் அவ்விருவரும் மீண்டும் புறப்பட்டனர். இம்முறை எல்லாத் தாள்களையும் நாமே இருமுறை சரிபார்த்தோம். டெனரீஃப் தீவை விட்டபின் ஏழு நாள் கரையே காணவில்லையாம். மணிக்கு 18 கடல்மைல் ஓடும் கப்பல் ஒரு நாளில் சுமார் 800 கிலோமீட்டர் செல்லும்; நம் மெயில் வண்டி அதை ஓர் இரவும் சற்று நேரமும் கொண்டு கடந்துவிடும். மேற்கே செல்லச் செல்ல ஆறு இரவுகளில் கடிகாரத்தை ஒவ்வொரு மணி பின்தள்ளினர். ஆதலின் அந்நாட்கள் 25 மணி நேரம் கொண்டவை. முதியோர்க்கு உறக்கம் கெடுவதில்லை. கிழக்கே வருங்கால் நாள் 23 மணியாகச் சுருங்கும். இளைப்பாற விரும்புவோர் மேற்குத் திசையையே தெரிந்துகொள்க.

நடுக்கடலில் கரையிலிருந்து ஹெலிகாப்டர் எட்டாத தொலைவுகள் உண்டு. கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனால் பெரிய ஆஸ்பத்திரி இராது, கட்டணமும் கடுமை. இதய நோயுள்ளவர் தம் டாக்டரைக் கேளாமல் பணம் கட்டலாகாது. மருத்துவச் செலவையும் அவசரமாகக் கரைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் இன்ஷூரன்ஸ் வேண்டும். மாத்திரைகளைப் பத்து நாட்களுக்கு அதிகமாகவே எடுத்து, பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்க. அறை கப்பலின் நடுவே, கீழ்த்தளத்தில் அமைந்தால் ஆட்டம் குறையும்.

சைவ உணவென்று பதிவு செய்யும்போதே எழுதிவிடல் நன்று. அண்ணியார்க்குப் பருப்பும் சோறும் கிடைத்தன, ரசம் கிடைக்கவில்லை. சிறு மின்அடுப்பு கொண்டுபோகலாமே என்று கேட்பீர்கள்; தீவிபத்துக்கு அஞ்சி அதைப் பெரும்பாலும் வாங்கி வைத்துவிடுவர்.

நம் கடல் வழியாகவும் இத்தகைய பயணங்கள் உண்டு. சிங்கப்பூர்ப் பக்கமிருந்து ஐரோப்பா செல்லும் கப்பல்கள் கொழும்பு, கொச்சி, பம்பாய் வழியே வருவதுண்டு. ஆனால் 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின், பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றன. சில பயணங்கள் ரத்தாயின. அவ்வழிக்குப் பணம் கட்டுவோர், வழி மாறினால் தொகை திரும்புமா என்பதை முதலில் படித்தறிக.

தமையனாரை ஃபுளோரிடாவில் பேரன் துறைமுகத்திற்கே வந்து அழைத்துச் சென்றான். இப்பொழுது அண்ணியார் இரு பாஸ்போர்ட்டுகளையும் ரப்பர் வளையமிட்டு ஒன்றாகவே வைத்திருக்கிறார். நம்மிடம் கேட்பதில்லை.