ஈர்ப்பின் வலிமையை முடிவு செய்வன எவை?



நிலவில் மனிதனின் எடை ஆறில் ஒரு பங்கு என்று நம் மாணவர் பிழையின்றி எழுதுகின்றனர். 'ஏன் ஆறில் ஒரு பங்கு?' என்று வினவினால் பெரும்பாலும் மௌனமே விடையாகிறது. நிலவில் காற்றில்லாமையே காரணம் என்பாரும் உளர். அது தவறு; ஈர்ப்பைத் தருவது காற்றன்று.

1687-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நியூட்டன் உரைத்த விதி எளியது. இரு பொருள்களுக்கிடையே நிலவும் ஈர்ப்பு விசையை முடிவு செய்வன இரண்டே. ஒன்று, அவற்றின் நிறை. மற்றொன்று, அவற்றின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு. ஒன்றன் நிறை இருமடங்கானால் விசையும் இருமடங்காகும். தொலைவு இருமடங்கானாலோ விசை நான்கில் ஒரு பங்காகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். பொருள் இரும்பா, மரமா, பொன்னா, மண்ணா என்னும் வேறுபாடு ஈர்ப்புக்கு இல்லை.

இனி நிலவின் கணக்கைப் பார்ப்போம். நிலவின் நிறை பூமியின் நிறையில் 81-இல் ஒரு பங்கு. அப்படியாயின் எடையும் 81-இல் ஒரு பங்காக வேண்டாமா? வேண்டா. நிலவின் ஆரம் பூமியின் ஆரத்தில் 3.67-இல் ஒரு பங்கே. ஆகவே, அங்கு நிற்பவர் மையத்திற்கு மிக அண்மையில் நிற்கிறார். 3.67-ஐ அதே எண்ணால் பெருக்கினால் ஏறத்தாழ 13.5. நிறை 81 மடங்கு குறைக்க, அண்மை 13.5 மடங்கு கூட்டுகிறது. 81-ஐ 13.5-ஆல் வகுத்தால் 6. இதுவே காரணம்.

அருகருகே அமர்ந்துள்ள நாமும் ஒருவரையொருவர் ஈர்க்கிறோம், ஆனால் உணர்வதில்லை. தலா 1000 கிலோகிராம் நிறையுள்ள இரு குண்டுகளின் மையங்களை ஒரு மீட்டர் தொலைவில் வைத்தாலும், அவற்றிடையே உள்ள ஈர்ப்பு 7 மில்லிகிராம் பொருளின் எடையளவும் இராது.

இத்தகைய நுண்விசையையும் இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் அளந்து, 1798-இல் முடிவை வெளியிட்டார். கம்பியில் தொங்கிய மரக்கோலின் இரு முனைகளிலும் சிறு ஈயக் குண்டுகளை அமைத்தார். அவற்றின் அருகே, ஏறத்தாழ 158 கிலோகிராம் நிறையுள்ள பெருங்குண்டுகளை வைத்தார். கோல் சிறிதே திரும்பியது. காற்றோட்டம் கெடுத்துவிடாதவாறு, அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கியால் அதனைக் கண்டார். அதிலிருந்து, பூமியின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு எனக் கணித்தார். இன்றைய அளவு 5.51.

மாணவச் செல்வங்களே! தராசில் ஏற்ற இயலாத பூமியின் நிறையை அறியப் பொறுமையும் கணக்கும் துணைசெய்தன. உருப்போடுதலால் அது கிட்டாது. வியாழனின் நிறை பூமியைப்போல் ஏறத்தாழ 318 மடங்கு. ஆரம் ஏறத்தாழ 11 மடங்கு. அங்கு உங்கள் எடை எத்தனை மடங்காகும்? 318 அன்று. நீங்களே கணக்கிட்டு, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.