கருப்பாயி அம்மையாரும் நம் தோட்டத்துப் பாட்டிமாரும்

(ஆலய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடி என்றதும் அம்மன் பக்தர்களுக்கு வெட்டுடையார் காளி நினைவுக்கு வருவாள். அந்த ஊர்ப் பெயரையே தம் பெயரோடு சேர்த்து வாழ்ந்தவர் நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி அம்மையார். 2025ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், தமது 99ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

பள்ளிப்படிப்பு இல்லாதவர். வயல்வேலையோடு வளர்ந்த குரல் அவருடையது. அந்தக் குரலை அகில இந்திய வானொலி ஊரெங்கும் கொண்டு சென்றது. 1985இல் வெளிவந்த ‘ஆண்பாவம்’ படத்தில் இயக்குநர் பாண்டியராஜன் அவரைப் பாட்டியாகவே நடிக்க வைத்தார். இளையராஜா இசையமைத்த அப்படத்தில் அம்மையார் தம் சொந்தக் குரலில் பாடினார். 1993இல் கலைமாமணி விருது அவரைத் தேடி வந்தது. அம்மையார் மறைந்துவிட்டார், அவர் குரல் மறையவில்லை. யாரோ ஒருவர் சரியான காலத்தில் அவர் முன் ஒலிவாங்கியை வைத்தார், அதனால்தான்.

அன்பர்களே, நம் பேராக் தோட்டங்களில் கருப்பாயிகள் இல்லையா? தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்த காலத்தில் நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். லயத்து வீட்டில் தாலாட்டு, மாரியம்மன் திருவிழாவில் கும்மி, சாவு வீட்டில் ஒப்பாரி. கங்காணியும் பெரட்டும் பால் மங்கும் அந்தப் பாட்டுகளில் வந்து போகும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் என்று பிரிந்து போனார்கள். கூடிப் பாடிய பாட்டுக்குக் கூட்டம் இல்லாமல் போயிற்று.

பேராசிரியர் இரா. தண்டாயுதம், எழுத்தாளர் முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் மலேசிய நாட்டுப்புறப் பாடல்களை நூலாக்கியது பெரும் தொண்டு. ஆனால் நூல் சொல்லைக் காக்கும், மெட்டைக் காக்காது. ஒப்பாரியில் ஒரு தாய் மூச்சை இழுத்து விம்மும் இடத்தை எந்த அச்சு எழுத்தில் காட்டுவது?

ஆகவே ஒரு வேண்டுகோள். அன்னதானத்திற்கு வரும் மூதாட்டிகளை, அவர்கள் விருப்பம் அறிந்து, பாடச் சொல்லிப் பதிவு செய்வோம். கைப்பேசியே போதும். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், எப்போது பாடும் பாட்டு என்ற மூன்றையும் எழுதி வைப்போம். ஒப்பாரியைக் கோயிலில் பாடமாட்டார்கள். அதற்கு நாம்தான் அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும். புரவலர்கள் சிறு தொகை ஒதுக்கினால் பதிவுகளை இரண்டு மூன்று படிகள் எடுத்துப் பத்திரப்படுத்தலாம்.

கோபுரத்தை இடிந்தாலும் மீண்டும் கட்டிவிடலாம். எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டியின் குரல் போனால் போனதுதான். அடுத்த திருவிழா வரை காத்திருக்க வேண்டாம்; இன்று வீடு திரும்பியதும் உங்கள் வீட்டுப் பெரியவரைப் பாடச் சொல்லுங்கள்.

அம்மன் அருள் அனைவருக்கும் கிட்டுவதாக!