சத்தம் கடைக்குள்ளே, அடித்தவர் கடைக்கு வெளியே

(ராஜபாளையத்தில் நடந்த தப்பாட்டப் பயிற்சி முகாமின் கடைசி நாளில் பேசியது. பேச்சுநடை பெரிதும் மாற்றப்படவில்லை.)



மூணு நாளா அடவு பழகியிருக்கீங்க. கை வலிக்கும். கொஞ்ச நேரம் குச்சியைக் கீழே வச்சிட்டுக் கேளுங்க. நேத்து ராத்திரி சாப்பாட்டு நேரத்துல ஒரு தம்பி எங்கிட்ட வந்து கேட்டான்: "அண்ணே, ஒருத்தர் வந்து நாங்க அடிச்சதைப் படம் புடிச்சுட்டுப் போனாரு. வெளிநாட்டு மேடைக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறாரு. ஒரு காகிதத்துல கையெழுத்துக் கேக்குறாரு. போடலாமாண்ணே?" ராத்திரி அவனுக்குப் பதில் சொல்லலை. இப்ப எல்லாருக்கும் சேர்த்துச் சொல்றேன்.

முதல்ல எங்கய்யா கதை. அவர் தப்பு அடிக்கிறவர். எழவு வீடு, கோயில் கொடை, ஊர்ச்சாட்டு எல்லாத்துக்கும் அடிச்சவர். கூலி நெல்லு, இல்லன்னா சாராயம். எண்பதுகள்ல ஒருத்தர் டேப் ரெக்கார்டரோட எங்க காலனிக்கு வந்தார். வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சி, ஒரு சாயங்காலம் முழுக்க அடிக்கச் சொன்னார். ஆளுக்கு இருபது ரூபாயும் ஒரு பாட்டிலும் குடுத்துட்டுப் போயிட்டார். அடுத்த ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேர் பார்க்கப் போனோம். கடைவீதியில ஒரு டீக்கடைக்குள்ள எங்கய்யா அடிச்ச அடி கேக்குது. கேசட் போட்டுருக்கான். அட்டையில யாரோ ஒரு சினிமா ஆட்டக்காரி படம். எங்கய்யா பேரும் இல்ல, ஊர் பேரும் இல்ல. உள்ள பெஞ்சுல உக்காந்திருந்தவுக தாளம் போட்டு ரசிக்கிறாக. எங்கய்யா வெளியே நின்னு, எங்களுக்குன்னு தனியா வச்சிருந்த கிளாஸ்ல டீ குடிச்சார். "நம்ம அடிதான்டா" என்றார் என்னிடம், மெதுவா. சத்தம் கடைக்குள்ள போயிருச்சு. அடிச்ச ஆள் வெளியே நிக்கிறார்.

ஒடுக்கப்பட்டவர் இசை உலகச் சந்தைக்குப் போன கதையும் பெரும்பாலும் இந்த டீக்கடைக் கதைதான். ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு உதாரணம். சாலமன் லிண்டா என்று ஒரு ஜூலு பாடகர். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கில் காலோ என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் தட்டுகளைப் பொட்டலம் கட்டும் வேலை பார்த்தவர். 1939ல் தன் குழுவோடு அதே கம்பெனிக்கு 'ம்பூபே' என்ற பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். ம்பூபே என்றால் சிங்கம். ஆப்பிரிக்காவில் நல்லா வித்தது. அந்தத் தட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்து, அங்குள்ள வெள்ளைப் பாடகர் குழு 1952ல் வேறு பெயரில் அதைப் பாடிப் பிரபலமாக்கியது. 1961ல் இன்னொரு குழு ஆங்கில வரிகள் போட்டுப் பாடி முதலிடம் பிடித்தது. 1994ல் டிஸ்னியின் 'லயன் கிங்' படத்திலும் அது வந்தது. உலகத்தில் அந்த மெட்டைக் கேக்காத குழந்தை குறைவு. லிண்டாவோ பாட்டின் உரிமையைப் பத்து ஷில்லிங்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, 1962ல் வறுமையில் செத்துப்போனார். 2000ல் ரியான் மலன் என்கிற தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் இதை விரிவா எழுதின பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2004ல் வழக்கு. 2006ல் சமரசம். செத்து நாற்பத்து நாலு வருசம் கழிச்சு மகள்களுக்குக் காசு.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. லிண்டாவைப் பதிவுக்கூடத்துக்குள் கொண்டுவந்த கிரிஃபித்ஸ் மொட்சியெலோவா வெள்ளைக்காரர் அல்ல, கறுப்பர். கம்பெனிக்காகப் பாடகர்களைத் தேடிப் பிடித்தவர் அவர். ஆனாலும் உரிமைக் காகிதம் கம்பெனி கையில் இருந்தது. அதனால "நம்மாளு கூட்டிட்டுப் போனா போதும்"னு நினைச்சா அது பாதி உண்மைதான்.

வேற மாதிரியும் நடந்திருக்கு. மிரியம் மகேபாவை அமெரிக்க மேடைகளுக்குக் கூட்டிப்போனவர்களில் முக்கியமானவர் ஹாரி பெலஃபான்ட்டே. அவரும் கறுப்பர், பெரிய பாடகர். தன் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தப் பெண்ணின் பெயரையும் போட்டுத் தட்டு வெளியிட்டார். அதற்கு 1966ல் கிராமி விருது கிடைத்தது. மகேபா 1963ல் ஐக்கிய நாடுகள் சபையில் நின்று நிறவெறிக்கு எதிராகப் பேசினார். அவருடைய கடவுச்சீட்டைத் தென்னாப்பிரிக்க அரசு பறித்துக்கொண்டது. 1990ல்தான் அவரால் ஊர் திரும்ப முடிந்தது. பாட்டு போன இடத்துக்குப் பாடினவர் பேரும் போனது. பேரோடு அரசியலும் போனது. கூட்டிப்போகிறவர் அதற்கு வழிவிட்டார். வித்தியாசம் அங்கேதான் இருக்கு.

நம்ம பக்கம் வருவோம். நம்ம இசையை வெளியே கொண்டுபோன ஆள்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கே. ஏ. குணசேகரன். பக்கத்துச் சிவகங்கைச் சீமைக்காரர். இளையான்குடிக்குப் பக்கம் மாரந்தை. 1955ல் பிறந்தார். முற்போக்கு மேடைகளில் பாடினார். தன்னானே என்று கலைக்குழு வைத்து ஊர் ஊராகப் போனார். இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டு இன்றைக்கும் சேரிகளில் ஒலிப்பதற்கு அவர் குரல் ஒரு பெரிய காரணம். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியர், பிறகு சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவன இயக்குநர். பேராசிரியர் ஆன பிறகும் மேடையில் ஏறித் தெம்மாங்கு பாடினவர். 2005ல் 'வடு' என்று தன் வாழ்க்கையை எழுதினார். சாதியின் தழும்பைக் காட்டிக்கிட்டே பாடினவர், 2016 ஜனவரியில் காலமானார்.

அவர் நாட்டார் கலையைக் கண்காட்சிப் பொருளாக்கவில்லை. பாட்டைச் சேகரித்துப் புத்தகம் போட்டுவிட்டு, பாடினவரை வயக்காட்டிலேயே விட்டுவிட்டு வருகிற ஆய்வாளர்கள் எத்தனையோ பேர். இவர் பாடுகிறவர்களை மேடைக்குக் கூட்டி வந்தார். அவர் குழுவில் பாடிய சின்னப்பொண்ணு பிறகு சினிமாவுக்குப் போய், 2008ல் 'நாக்க முக்க' பாடினார். அந்தப் பாட்டு மொழி தெரியாத வடநாட்டுக் கல்யாணங்களிலும் ஒலித்தது. சின்னப்பொண்ணுவின் பெயர் சின்னப்பொண்ணுவாகவே போனது.

அதே தொண்ணூறுகளில் மதுரை அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலைவிழா நடத்தியது. எழவு வீட்டு வாசலோடு நின்ற பறை அங்கே நட்டநடு மேடைக்கு வந்தது. அப்போது நமக்குள்ளேயே பெரிய சண்டை. "பறை அடிக்கிறது அடிமை வேலை. தூக்கி எறி" என்றார்கள் ஒரு பக்கம். பல ஊர்களில் எழவுக்கு அடிக்க மாட்டோம் என்று இளைஞர்கள் நின்றார்கள். அடியும் வாங்கினார்கள். "கருவி என்ன பண்ணுச்சு? கட்டாயம்தானே அடிமைத்தனம்?" என்றார்கள் இன்னொரு பக்கம். நான் முதல் கட்சியில் இருந்தவன். எங்கய்யா தப்பைப் பரண்ல போட்டவன் நான்தான். இன்றைக்கும் அந்தக் கட்சியைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை கிடைத்த பிறகுதான், அடிப்பேன் என்று சொல்வதற்கு மரியாதை வருது. அந்த மறுப்பு இல்லாம இந்த முகாம் இல்ல. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை எடுத்து ஆடியதும் அந்தக் காலத்தில் தொடங்கியதுதான். இன்னிக்கு இங்க பதினோரு தங்கச்சிமார் தப்போட உக்காந்திருக்கீங்க. எங்க அம்மா தப்பைத் தொட்டதில்லை.

அடுத்த கட்டம் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும். 2018 ஜனவரி 6ந் தேதி சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியது. கானாவும் ராப்பும் பறையும் மின்கிதாரும் ஒண்ணா நின்ன மேடை. சாதியற்றவர்கள் என்ற அந்தப் பெயரே அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து எடுத்தது. அதில் கானா பாடிய இசைவாணியை 2020ல் பி.பி.சி. உலகின் நூறு பெண்களில் ஒருவராக அறிவித்தது. அதே 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கினார்கள். மார்கழின்னா ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திருப்பாவை. சென்னைக்குச் சபாக் கச்சேரி. அந்த மாசத்துல நம்ம மக்களுக்கு என்ன இருந்துச்சு? பனியில் விடியக்காலம் எந்திரிச்சு வேலைக்குப் போறதுதான். அதே மாதத்தில், அதே நகரத்தில், ஒப்பாரிக்கும் கானாவுக்கும் மேடை போட்டது சாதாரண வேலை இல்லை. 2025ல் அலங்காநல்லூர் பறை ஆசான் வேலு அவர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததும் இந்த நீண்ட வரிசையில் வந்ததுதான்.

ஆனா மேடை கிடைச்சிட்டா எல்லாம் முடிஞ்சிருமா? 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. தெருக்குரல் அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன். மாஜா என்ற நிறுவனம் வெளியிட்டது. தமிழ்ச் சுயாதீனக் கலைஞர்களை உலகத்துக்குக் கொண்டுபோவதுதான் தன் நோக்கம் என்று சொன்ன நிறுவனம். தேயிலைத் தோட்டத்தில் உழைத்து வெறுங்கையோடு திரும்பிய தன் பாட்டியின் கதையை அறிவு அதில் வைத்தார். நாற்பது கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. அதே ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீ இருந்தார், வேறொரு கலைஞர் இருந்தார். அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேள்வி எழுப்பினார். கண்டனம் வந்த பிறகு அறிவை வைத்துத் தனி இணைய அட்டை வந்தது. 2022ல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது. அறிவு அங்கே இல்லை. பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்பதில் மூன்று பேரும் தத்தம் நியாயத்தைப் பொதுவில் சொன்னார்கள். 2024ல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்றார். நிறுவனம் அதை மறுத்தது. தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பாருங்க, படிச்சவுக, பேர் உள்ளவுக, நாப்பது கோடி காது உள்ளவுக. அவுகளுக்கே பேருக்கும் காசுக்கும் இவ்வளவு பாடு. நம்ம காலனித் தம்பி தனியா ஒரு காகிதத்தோட நின்னா என்ன ஆகும்?

அதனால கொஞ்சம் சட்டம் சொல்றேன். கவனமாக் கேளுங்க. பதிப்புரிமைச் சட்டம் 1957ல் வந்தது. 2012ல் திருத்தினார்கள். நாம அடிக்கிற சாவடிக்கோ மாடுவிரட்டுக்கோ ஆசிரியர் யாரும் கிடையாது. நம்ம பாட்டன் பூட்டன் அடிச்சது. ஆனால் அதை அடிக்கிற கைக்கு உரிமை உண்டு. நிகழ்த்துநர் உரிமை என்று பேர். உங்க சம்மதம் இல்லாமப் பதிவு பண்ணக் கூடாது. அம்பது வருசம் அந்த உரிமை இருக்கு. பதிவை வச்சு வியாபாரம் பண்ணினா உங்களுக்குப் பங்கு உண்டு. அடிச்சது இன்னார் என்று பேர் போடச் சொல்லும் உரிமையும் 2012 திருத்தத்தில் இருக்கு. எங்கய்யாவுக்கு டீக்கடை வாசல்ல கிடைக்காத பேர், இன்னிக்குச் சட்டத்துல எழுதிக் கிடக்கு. கேட்டு வாங்க ஆள் வேணும், அவ்வளவுதான். எழுதிக் கொடுக்கிற காகிதத்தில் எத்தனை வருசம் என்று போடவில்லை என்றால் அஞ்சு வருசம்தான் செல்லும். எந்த நாடு என்று போடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதனாலதான் அவுக "உலகம் முழுவதும்", "என்றென்றைக்கும்" என்று ரெண்டு வார்த்தையை நடுவுல செருகுவாக. அந்த ரெண்டு வார்த்தையைத் தேடுங்க. சினிமாவுக்குன்னா இன்னும் கவனம். ஒருதடவை எழுதிக் கொடுத்துட்டா, பேருக்கும் பணத்துக்கும் கேக்கலாமே தவிர, அந்தப் படத்துல அதைப் போடாதேன்னு தடுக்க முடியாது.

தம்பி, இப்ப உன் கேள்விக்கு வாரேன். போ. கண்டிப்பாப் போ. நம்ம தப்பு போகாத ஊர் எதுக்கு? போகாதேன்னு சொல்றது நம்மளைக் காலனிக்குள்ளேயே வச்சிருக்கணும்னு நினைக்கிறவன் பேச்சு. ஆனா கையெழுத்துப் போடும் முன்னாடி அவர்கிட்ட மூணு கேள்வி கேளு. எங்க பேரு எங்க வரும்? வர்ற காசுல எங்களுக்கு எவ்வளவு, எப்ப, எந்தக் கணக்குல? போன இடத்துல எங்க சாதியையும் எங்க வாழ்க்கையையும் நாங்களே பேசலாமா, இல்ல அடிச்சிட்டு இறங்கிரணுமா? மூணுக்கும் எழுத்துல பதில் குடுத்தா அவர் கூட்டிட்டுப் போறவர். குடுக்கலைன்னா அவர் டேப் ரெக்கார்டரோட எங்க காலனிக்கு வந்தவர்தான். கையில இருக்கிற பெட்டிதான் மாறியிருக்கு.

இன்னொண்ணு. காகிதத்தைத் தனியாப் படிக்காதே. முகாம் முடியும் முன்னால குழுவாப் பேரைப் பதிவு பண்ணுவோம். நம்ம பிள்ளைகள்ல வக்கீலுக்குப் படிச்சவுக இருக்காக. மதியச் சாப்பாடு முடிஞ்சதும் அந்தக் காகிதத்தைக் கொண்டா. எல்லாரும் உக்காந்து சத்தமா வாசிப்போம்.

எங்கய்யா தப்பு இன்னும் எங்கிட்ட இருக்கு. பரண்லருந்து எடுத்துப் புதுசா வார் போட்டிருக்கேன். சாயங்காலம் காய்ச்சுறப்ப அதையும் நெருப்புப் பக்கம் வைங்க. கேள்வி இருந்தாக் கேளுங்க.