ஐந்தாம் வகுப்பும் ஒரு துப்பாக்கியும்

(கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தோழர் போலீஸ் கொடுமைகளைப் பத்திச் சொன்னார். அந்தக் காக்கிக்குள்ள யாரைப் பிடிச்சுத் திணிக்கிறாங்க என்பதைப் பத்தி நான் பேசுறேன்.

2005இல் சத்தீஸ்கரின் தந்தேவாடாவில் 'சல்வா ஜுடும்' தொடங்கியது. மாவோயிஸ்டுகளுக்கு எதிராக மக்கள் தாங்களாகவே கிளர்ந்தெழுந்தார்கள் என்றது அரசு. தானா எழுந்த மக்களுக்குத் துப்பாக்கி கொடுத்தது யாரு? ஆதிவாசி இளைஞர்களைச் 'சிறப்புக் காவல் அதிகாரி' என்று நியமித்தார்கள். பேருதான் அதிகாரி. மாதம் 3000 ரூபாய், அதுவும் சம்பளம் இல்ல, மதிப்பூதியம். ஐந்தாம் வகுப்பு படித்திருந்தால் முன்னுரிமை. இரண்டு மாதப் பயிற்சி. 2011 வாக்கில் இப்படி 6500 பேர்.

ஏன் இவங்க? காட்டுப் பாதை தெரியும், மொழி தெரியும், எந்த வீட்டில் யார் என்று தெரியும். தன் சனத்தோடு அவனுக்குள்ள உறவையே அரசு ஆயுதமாக்கிக்கொண்டது. காட்டிக் கொடுத்த பிறகு அவன் எந்த மூஞ்சியோட ஊருக்குத் திரும்புவான்?

2011 ஜூலை 5 அன்று, நந்தினி சுந்தர் வழக்கில், இது அரசியல் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகளுக்கு விரோதம், ஆயுதங்களைத் திரும்ப வாங்கு என்றது உச்ச நீதிமன்றம். அரசு என்ன செஞ்சது? அதே ஆண்டு துணை ஆயுதக் காவல் படைக்கென்று ஒரு சட்டம் போட்டு அவர்களை அதில் சேர்த்தது. பலகை மாறியது, ஆட்கள் மாறவில்லை. சட்டம் இயற்றியது நீதிமன்ற அவமதிப்பு ஆகாது என்று 2025 மே மாதம் வழக்கும் முடிந்தது.

இடையில் 'மாவட்ட ரிசர்வ் கார்டு' வந்தது. உள்ளூர் இளைஞர்களும் சரணடைந்த மாவோயிஸ்டுகளும் அதில் சேர்க்கப்பட்டார்கள். 2023 ஏப்ரல் 26 அன்று அரன்பூர் அருகே கண்ணிவெடியில் இப்படையினர் 10 பேரும் ஓட்டுநரும் செத்தார்கள். மாவோயிஸ்டுகளும் 'போலீஸ் உளவாளி' என்று ஆதிவாசிகளையே கொன்றார்கள். இரண்டு பக்கமும் விழுந்த பிணம் ஒரே சனத்துடையது.

"அரசு வேலைதானே, கிடைச்சா நல்லதுதானே?" என்று சிலர் கேட்கலாம். வேலை வேணும் தோழர்களே. வாத்தியார் வேலைக்கு, நர்ஸ் வேலைக்கு, நிலப் பட்டாவுக்கு இல்லாத அவசரம் துப்பாக்கிக்கு மட்டும் ஏன் வருது? அங்கே பள்ளிக்கூடங்களில் படைகள் தங்கியிருந்தன. காலி செய்யச் சொல்லி இதே வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தை முகாமாக்கியவன்தான் ஐந்தாம் வகுப்பு போதும் என்கிறான்.

அந்தப் பையன்களை எதிரி என்று வெறுப்பது சுலபம். அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தவனைக் கேள்வி கேட்பதுதான் நம்ம வேலை.